துண்டுக்குள் வந்த கை

சாமக்காட்டுப்புதூர் பால் கம்பெனியின் இருநூற்றுப் பதினாலு மாடுகளுக்கும் விலை போட்டாக வேண்டிய பங்குனி மாதத்துக் காலையில், தரகர் நாச்சிமுத்து தன் வலது கையின் மேல் துண்டைப் போட்டு வெறுங்காற்றைப் பார்த்து நீட்டியபோது, துண்டுக்குள் இன்னொரு கை வந்து அவர் விரல்களைப் பிடித்தது. நாச்சிமுத்து திடுக்கிடவில்லை. நாற்பது வருஷமாகச் சந்தையில் துண்டுக்குள் கைவிட்டு விலை பேசுகிற மனுஷன். கை வந்தால் விலை வரும், அதற்கு மேல் அவருக்கு எதுவும் தெரிய வேண்டியதில்லை. எதிரே நின்ற செவலைப் பசுவை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "நாப்பத்தி ரெண்டாயிரம்" என்றார். மடியில் கணக்குப் பேரேட்டை விரித்து உட்கார்ந்திருந்த தெய்வானை அதை எழுதிக்கொண்டாள். எழுதி, மை காய ஊதிய பிறகுதான், "யாரு மாமா வாங்கறது?" என்று கேட்டாள்.

இதற்கெல்லாம் காரணம் கோயமுத்தூரிலிருந்து வந்த புது ஆடிட்டர் ஹரிகேசவன். சின்ன வயசு, சிவந்த முகம், சாணியை மிதித்துவிடக் கூடாதே என்று கொக்குபோலக் காலெடுத்து வைக்கிற நடை. பதினோரு வருஷத்துக்கு முன்னால் நூற்றுப் பன்னிரண்டு குடும்பங்கள் தங்கள் மாடுகளை ஒன்றாகச் சேர்த்துக் கட்டி, அதையே பங்காக வைத்துத் தொடங்கிய கம்பெனி அது. பால் குளிரூட்டுகிற தொட்டியும் தகரக் கொட்டகையும் பேங்க் கடனில் வந்தவை. அத்தனை வருஷமும் மாடு வாங்கிய விலையை எழுதி, வருஷா வருஷம் அதில் கொஞ்சம் தேய்மானம் கழித்துக்கொண்டு வந்தார்கள். அது தப்பு என்றான் ஹரிகேசவன். மாடு சைக்கிள் இல்லை, வளரும், ஈனும், கிழடாகும், அதனால் வருஷக் கடைசி நாளில் சந்தையில் அது என்ன விலை போகுமோ அதைப் போட்டு, அதிலிருந்து விற்கிற செலவைக் கழித்து எழுத வேண்டும், அதற்கு நியாய மதிப்பு என்று பேர் என்றான்.

"மாடு சைக்கிள் இல்லைன்னு கண்டுபுடிக்கக் கோயமுத்தூர்ல இருந்து ஆள் வரோணுமா?" என்றாள் கறவைக்காரி ராமாத்தா. கொட்டகையே சிரித்தது.

அப்படித்தான் நாச்சிமுத்துவைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். அவர் வந்து, வெற்றிலையைத் துப்பிவிட்டு, எதிர்க் கை இல்லாமல் தன்னால் விலை சொல்ல முடியாது என்று ஒரே போடாகப் போட்டார்.

"எதிர்ல ஆள் நிக்க வேண்டியதில்லைங்க ஐயா," என்றான் ஹரிகேசவன் பொறுமையாக. "வாங்க விருப்பமுள்ள ஒருத்தர், விவரம் தெரிஞ்சவர், யாரோட நிர்ப்பந்தமும் இல்லாதவர், இப்ப எதிர்ல இருக்காருன்னு வச்சுக்குங்க. அவர் என்ன குடுப்பாரோ, அதான் விலை."

"அவரு எந்த ஊருங்க தம்பி?"

"எந்த ஊரும் இல்லைங்க. கற்பனைதான். எங்க சட்டத்துல அப்படி ஒருத்தரை நெனச்சுக்கச் சொல்லியிருக்கு."

"கற்பனைக்குக் கை உண்டுங்களா?" என்று கேட்டுக்கொண்டே நாச்சிமுத்து கிண்டலாகத் துண்டைப் போட்டு நீட்டினார். உண்டு என்று தெரிந்தது.

துண்டு வியாபாரம் தெரியாதவர்களுக்குச் சொல்ல வேண்டும். சந்தையில் நாலு பேர் காது கேட்க விலை பேச மாட்டார்கள். துண்டுக்குள் ஒருவர் விரலை ஒருவர் பிடிப்பார்கள். ஒரு விரலைப் பிடித்தால் ஒன்று, ஐந்தையும் சேர்த்துப் பிடித்தால் ஐந்து, பத்தாயிரமா ஆயிரமா நூறா என்பதை முன்னாலேயே வாய் சொல்லிவிடும். அந்தக் கைக்கு இதெல்லாம் அத்துப்படியாக இருந்தது. ஒரு விரல் கூட்டியும் பிடிக்காது, குறைத்தும் பிடிக்காது. சோதித்துப் பார்ப்போம் என்று கம்பெனித் தலைவர் பொங்கியண்ணன் தன் வீட்டுக் கிடேரி ஒன்றை வியாழச் சந்தைக்கு ஓட்டிவிட்டார். கை சொன்ன முப்பத்தோராயிரத்துக்கு ஒரு ரூபாய் கூடவும் இல்லாமல் குறையவும் இல்லாமல் அது விற்றது. ஹரிகேசவன் துண்டைத் தூக்கிப் பார்த்தான், கீழே குனிந்து பார்த்தான், கடைசியில் தன் நோட்டில் "விலைக்கு ஆதாரம்: நேரடி விசாரணை" என்று எழுதிக்கொண்டு நிம்மதியானான்.

ஒரு நாளைக்கு எழுபது, எழுபத்தைந்து மாடு பார்த்து மூன்று நாளில் முடித்திருக்கலாம். ஊர்க்காரர்கள் விட்டால்தானே! முதல் நாள் சாயங்காலமே "வாங்கறவரு வந்திருக்காரு" என்று பேச்சுப் பரவிவிட்டது. அந்தப் பேரே அவருக்கு நிலைத்தும் போனது. வந்த விருந்தாளியை வெறும் வயிற்றோடு நிற்க வைக்கலாமா என்று ராமாத்தா தினமும் ஒரு டம்ளர் காப்பியைக் கொட்டகைத் தூணோரம் வைத்தாள். அவருடையது எந்தச் சாதிக் கை, எந்த ஊர்க் கை என்று டீக்கடையில் இரண்டு நாள் ஆராய்ச்சி நடந்தது. காய்த்துத் தடித்த உள்ளங்கை, மோதிரம் இல்லை, லேசாகத் தவிட்டு வாசம் என்று நாச்சிமுத்து சாட்சி சொன்னதும், அப்படியானால் நம்மில் ஒருத்தர்தான் என்று முடிவாகி ஆராய்ச்சி நின்றது. பாகம் பிரிக்க முடியாமல் ஒன்பது வருஷம் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்த அண்ணன் தம்பி இருவர் தங்கள் கிணற்றுக்கும் தென்னைக்கும் கையிடம் விலை கேட்டு, அது சொன்னதை வைத்துப் பிரித்துக்கொண்டு, அன்றைக்கே ஒரே இலையில் சாப்பிட்டார்கள். ஒருத்தன் தன் மாமியாரைக் கூட்டிக்கொண்டு வந்து நிறுத்தினான். கை துண்டுக்குள்ளிருந்து அவன் விரலை நறுக்கென்று முறுக்கியதில் மூன்று நாள் மாவுக்கட்டோடு திரிந்தான். மாமியார் மட்டும் அந்த மூன்று நாளும் தலை நிமிர்ந்து நடந்தாள்.

இப்படிப் பத்து நாள் ஓடியது. ஆடிட்டர் தலைவர் வீட்டுக் களியும் கீரைக்குழம்பும் தின்று ஒரு சுற்றுப் பெருத்துவிட்டான். தெய்வானை மட்டும் இளைத்துக்கொண்டே போனாள்.

அவளுடைய பேரேட்டில் ஒரு பக்கம் எழுதாமல் கிடந்தது. முதல் பக்கம். மாடு எண் ஒன்று, மயிலை.

மயிலை அவளுக்குச் சீராக வந்த மாடு. கல்யாணமாகி வந்தபோது, தாலி கழுத்திலும் மயிலைக் கன்றின் கயிறு கையிலுமாக அவள் அந்த ஊருக்குள் நடந்து வந்ததைப் பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கட்டினவன் நாலாம் வருஷம் லாரி விபத்தில் போய்ச் சேர்ந்தான். அதற்குப் பிறகு அவளுக்குச் சோறு போட்டது மயிலை. காலையில் பால் ஊற்றிவிட்டு அந்தக் காசில் பஸ் ஏறி ஈரோட்டுக்குப் போய்க் கணக்குப் படித்தாள். மகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தாள். கம்பெனி தொடங்கியபோது மயிலையையே முதல் பங்காகக் கொடுத்துவிட்டு அங்கேயே கணக்கெழுத உட்கார்ந்தாள். தினமும் விடிகாலையில் மாடுகள் கொட்டகைக்குள் ஏறும்போது, வாசலில் நிற்கும் ராமாத்தா, நெல் அளக்கிறவர்கள் ஒன்று என்று சொல்லாமல் லாபம் என்று தொடங்குவார்களே, அதே மாதிரி "லாபம், ரெண்டு, மூணு" என்றுதான் எண்ணுவாள். எப்போதும் முதலில் ஏறுவது மயிலை. அது காலெடுத்து வைத்தால்தான் பின்னால் இருக்கிற இருநூற்றுப் பதின்மூன்றும் அசையும்.

இப்போது மயிலைக்கு வயது இருபத்தொன்று. கறவை நின்று ஆறு வருஷம். முதுகெலும்பு தெரிகிறது, கொம்பு மட்டும்தான் பழைய கம்பீரத்தில் நிற்கிறது. அதற்கு என்ன விலை வரும் என்று குழந்தைக்குக்கூடத் தெரியும். அடிமாட்டு விலை.

அது வந்தால் என்ன என்று கேட்கலாம். போன ஆடி மாதப் பொதுக்குழுவில் ஒரு தீர்மானம் போட்டிருந்தார்கள்: ஒரு வருஷத் தீவனச் செலவைவிட எந்த மாட்டின் மதிப்புக் குறைகிறதோ, அந்த மாட்டை விற்றுவிட வேண்டும். பேங்க் கேட்டது, எல்லாரும் கை தூக்கினார்கள். தீர்மானப் புத்தகத்தில் அதை முத்து முத்தாக எழுதியது யார்? தெய்வானையேதான். எழுதும்போது மயிலை ஞாபகமே வரவில்லை அவளுக்கு. மயிலை அவள் கணக்கில் மாடு இல்லை; மயிலை மயிலைதான். முதல் பங்கு என்று அதற்குத் தேய்மானமே கழிக்காததால் பழைய கணக்கில் அது தப்பியும் விட்டது. தீர்மானம் வந்த மறுமாதம் பதினோரு வறட்டு மாடுகள் லாரி ஏறின. அவற்றின் பேருக்கு நேரே கோடு போட்டவளும் அவள்தான். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அது இதுதான் என்று அவளுக்கு உறைக்க ஏழு மாசம் ஆகியிருந்தது.

அதனால் பத்து நாளும் அவள் மயிலையை வரிசையில் பின்னுக்குத் தள்ளிக்கொண்டே வந்தாள். இன்றைக்கு வயிற்றுப்போக்கு என்றாள், டாக்டர் வரவேண்டும் என்றாள், காது வில்லையில் எண் அழிந்திருக்கிறது என்றாள். பதினோராம் நாள் காலையில் வேறு மாடு மிச்சமில்லை.

செய்தி எப்படிப் போனதோ, கறவை முடிவதற்குள் ஊரே கொட்டகையில் நின்றது. பொங்கியண்ணன் மேல்துண்டின் நுனியை முறுக்கிக்கொண்டே, "எனக்கு மட்டும் வயிறு எரியாதா அம்மிணி? ஆனா ஒரு மாட்டுக்கு வளைஞ்சா நாளைக்கு எல்லாத்துக்கும் வளையோணும். பேங்க்காரன் தொட்டியைத் தூக்கிட்டுப் போயிட்டா நூறு குடும்பம் தெருவுல நிக்கும்," என்றார். அவர் சொன்னதிலும் தப்பில்லை. அதுதான் தெய்வானைக்கு இன்னும் வலித்தது.

நாச்சிமுத்து துண்டைப் போட்டுக் கையை நீட்டினார். வெகு நேரம் நின்றார். கை வரவில்லை. துண்டை உதறி மறுபடி போட்டார். வரவில்லை.

"என்ற கை வேண்டாமாம்," என்றார் கடைசியில். "ஒடமைக்காரங்க கையைக் கேக்குது."

"கம்பெனிதானே மாமா ஒடமைக்காரங்க?"

"அது உன்ற புஸ்தகத்துல. வா சாமி, வந்து கையை நீட்டு."

சந்தையில் பெண்கள் துண்டுக்குள் கைவிட்டு யாரும் பார்த்ததில்லை. ஆனாலும் அன்றைக்குக் கூட்டம் ஒதுங்கி அவளுக்கு வழி விட்டது. தெய்வானை பேரேட்டைக் கீழே வைத்துவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, மயிலையின் தாடைக்குப் பக்கத்தில் நின்று கையை நீட்டினாள். நாச்சிமுத்து மேலே துண்டைப் போர்த்தினார். "ஆயிரக் கணக்குங்க," என்று காற்றுக்குச் சொன்னார்.

கை வந்தது. வெதுவெதுப்பாக இருந்தது. அவளுடைய ஐந்து விரல்களையும் சேர்த்து ஒரே பிடியாகப் பிடித்தது, ஒருமுறை அழுத்தியது, அப்படியே நின்றது.

"அஞ்சாயிரம்," என்றாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னாள். "அஞ்சாயிரங்க."

கை பொய் சொல்லவில்லை, அது யாருக்கும் பொய் சொன்னதில்லை. மயிலைக்கு அந்த விலைதான். தீவனச் செலவோ வருஷத்துக்கு முப்பதாயிரத்துக்கு மேல்.

ஹரிகேசவன் பேனா மூடியைக் கழற்றினான். பத்து நாளாக அந்த ஊர்ச் சோற்றைத் தின்றவன், அவனுக்கும் ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. "இதுல விக்கிற செலவு கழிக்கணும் மேடம்," என்றான் தரையைப் பார்த்துக்கொண்டு. "ஏதாவது இருந்தா சொல்லுங்க. நியாயமான செலவு எதுவானாலும் கழிக்கலாம்."

"என்ற தரகு ஆயிரம்," என்றார் நாச்சிமுத்து சட்டென்று.

"ஐயா, மத்த மாட்டுக்கெல்லாம் முந்நூறுதானே போட்டீங்க?"

"மத்த மாட்டை விக்கறப்ப எனக்கு ராத்திரி தூக்கம் வரும் தம்பி. இதை வித்தா வராது. அதுக்குச் சேர்த்து."

துண்டுக்குள் அந்தக் கை தெய்வானையின் சுண்டுவிரலை விட்டது. "ஒண்ணு விட்டுருச்சு," என்றாள்.

கூட்டம் ஒரு அடி முன்னால் வந்தது. ஏற்றுக்கூலிக்காரன் செம்மலை, வாடகை லாரிகளில் மாடு ஏற்றித் தருகிறவன், பின்னாலிருந்து கை தூக்கினான். "இந்த ஊர்ல ஒருத்தன் இதைப் புடிச்சு லாரியில ஏத்த மாட்டான். நானும் ஏத்த மாட்டேன். பவானியில இருந்து ஆறு ஆள் கூட்டியாரோணும். கூலி, சாப்பாடு, பஸ்ஸு எல்லாமா ஆயிரம் ஆகும்." இன்னொரு விரல் விட்டது.

"என்றதையும் எழுதிக்குங்க," என்றாள் ராமாத்தா. "போன கார்த்திகையில இது காய்ச்சல்ல படுத்த நாலு நாளும் வாசல்ல ஏறறதுக்கு முன்னால நிக்க ஆளில்லாம மாடுக அத்தனையும் வெளியவே நின்னுச்சு. உள்ளார இழுத்துக் கட்டினாலும் மடி சுரக்கலை. அந்த நட்டம் புஸ்தகத்துல இருக்குதா இல்லையா?"

இருந்தது. தெய்வானையே எழுதியது. ஹரிகேசவன் பக்கத்தைப் புரட்டிப் பார்த்துத் தலையாட்டினான். மூன்றாவது விரல் விட்டது.

அப்புறம் கூட்டத்திலிருந்து சோளக்காட்டு அவிநாசி வந்தான், வாயில்லாப் பூச்சி, பொதுக்குழுவில்கூட வாய் திறக்காதவன். அவனுக்கு இரட்டைப் பிள்ளைகள். பெற்றவள் பிரசவத்திலேயே போய்விட்டாள்.

"என்ற ரெண்டு கண்ணும் இதோட பாலுலதானுங்க வளந்துச்சு," என்றான். "ரெண்டு வருசம். தெய்வானை ஒரு நாளும் காசு வாங்கலை. இதை வித்தா அந்தப் பாலுக்கெல்லாம் நான் வெலை குடுத்தாகோணும்."

"அது விக்கிற செலவுல வராதுங்களே," என்றான் ஹரிகேசவன் மெதுவாக.

"வித்தாத்தானுங்க அந்தக் கணக்கே வருது," என்றான் அவிநாசி. "விக்காத வரைக்கும் அது பாக்கி இல்லீங்க. ஒறவு."

ஹரிகேசவன் அந்த வார்த்தையைத் தன் சட்டப் புத்தகத்தில் தேடவில்லை. நாலாவது விரல் விட்டது. கட்டை விரல் ஒன்றுதான் இப்போது அந்தக் கையில் இருந்தது, ஆயிரம் ரூபாய் மிச்சம்.

எல்லாரும் தெய்வானையைப் பார்த்தார்கள். மயிலை தலையைத் திருப்பி அவள் தோளை ஒரு நக்கு நக்கியது, கரகரவென்ற அந்த நாக்கு. அப்போதுதான் அவள் உடைந்தாள்.

"தீர்மானத்தை எழுதினது நானுங்க," என்றாள் அழுதுகொண்டே. "பதினோரு மாட்டுக்குக் கோடு போட்டதும் நான்தான். அதுக ஒவ்வொண்ணுக்கும் இப்படி நாலு பேர் பேசியிருந்தா என்ன ஆயிருக்கும்னு நெனச்சு நெனச்சு எனக்குச் சோறு எறங்கலை. நான் படிச்ச படிப்பு இதோட படிப்பு. நான் எழுதற எழுத்து இது போட்ட எழுத்து. இது லாரி ஏறுனா என்ற கை பேனா புடிக்காது. வேற கணக்குப்புள்ளைக்குச் சம்பளம் போடுங்க, அதையும் செலவுல எழுதிக்குங்க."

கட்டை விரலும் விடுபட்டது.

ஹரிகேசவன் கணக்கைக் கூட்டினான், அஞ்சில் அஞ்சு கழித்தான், பூஜ்யம் என்றான். பொங்கியண்ணன் மூக்கைச் சத்தமாகத் துண்டில் சிந்தினார். "வித்தாலும் ஒரு பைசா மிஞ்சாதுன்னா விக்கறது எதுக்கு? தீர்மானம் போட்டதே மிச்சம் புடிக்கத்தானே," என்றார் உரக்க. "கெடக்கட்டும் விடுங்க, தின்னுட்டுப் போகட்டும். அந்தத் தீர்மானத்தையும் வர்ற கூட்டத்துல எடுத்து வெச்சுப் பேசிருவோம்." ஊர் அப்படியே மூச்சு விட்டது.

தெய்வானை கையை எடுக்கப் போனாள். முடியவில்லை. விரல்களையெல்லாம் விட்டுவிட்ட அந்தக் கை போகாமல் அங்கேயே இருந்தது. விரல் நீட்டி நிமிர்ந்து, அவளுடைய உள்ளங்கையின் மேல் தன் உள்ளங்கையை வைத்து, விரலுக்கு விரல் பொருந்தி நின்றது.

"மாமா," என்றாள் பயந்து. "இது என்ன எண்ணுங்க மாமா?"

நாச்சிமுத்து துண்டுக்கு அடியில் தன் விரலை விட்டு இரண்டு கைகளையும் தடவிப் பார்த்தார். அவளுடைய கை ஒன்று, அதனுடைய கை ஒன்று. நாற்பது வருஷத் தரகுத் தொழிலில் அந்த மனுஷனுக்குக் கண் கலங்கி யாரும் பார்த்ததில்லை.

"எண்ணில்லை அம்மிணி," என்றார். "உன்ற கையையும் சேர்த்துக்கிட்டு மயிலையைக் கும்புடுது."

துண்டுக்குக் கீழே அந்தக் கும்பிடு மயிலையின் முகத்துக்கு நேராகத்தான் இருந்தது. அவிநாசி கை கூப்பினான். ராமாத்தா கூப்பினாள். செம்மலை, பொங்கியண்ணன், மாவுக்கட்டு மருமகன், அவன் மாமியார், எல்லாரும் கூப்பினார்கள். ஆடிட்டர் பேனாவைச் சட்டைப்பையில் செருகிவிட்டு அவனும் கூப்பினான், சாணிக்குள் நின்றுகொண்டு, அது சாணி என்றே ஞாபகமில்லாமல். மயிலைக்கு இதெல்லாம் ஒரு பொருட்டா? அது பாட்டுக்கு அசை போட்டுக்கொண்டிருந்தது.

அன்றைக்குப் போன கை அப்புறம் வரவில்லை. வர வேண்டிய வேலையும் இல்லை. இன்றுவரை ஊரில் யாராவது எதையாவது விற்பதென்றால், முதலில் அதை விற்கிற செலவு என்ன என்று நாலு பேரைக் கூட்டி வைத்துக் கேட்கிறார்கள். லாரி ஏறிப்போன பதினொன்றும் திரும்பி வரவில்லை, போனது போனதுதான். அவற்றின் பேர்களைத் தெய்வானை பேரேட்டின் கடைசிப் பக்கத்தில் ஒவ்வொன்றாக எழுதி வைத்திருக்கிறாள், கோடு போடாமல். ராமாத்தா தூணோரம் காப்பி வைப்பதை நிறுத்தவில்லை, டம்ளரும் தினமும் காலியாகத்தான் இருக்கிறது. அதை யார் குடிக்கிறார்கள் என்று ஊரில் ஒருத்தரும் விசாரித்ததில்லை.

மயிலையைக் கும்பிட்டதற்கு மறுநாள் விடிகாலையில் கொட்டகை வாசலில் மாடுகள் வந்து நின்றன. தெய்வானை பேரேட்டோடு நின்றாள். மயிலை மூக்கை உறிஞ்சி, ஒரு கணம் யோசித்து, முன்னங்காலை உள்ளே எடுத்து வைத்தது. ராமாத்தா அதன் முதுகில் தட்டி, "லாபம்," என்றாள். அப்புறம் பின்னால் வந்ததைப் பார்த்து, "ரெண்டு."